முதல் நிமிஷத் தண்ணீர்

ஆன்ட்டி என்னோடு பேசிய முதல் பேச்சே ஒரு விசாரணைதான். பெங்களூர் ஆடுகோடியில் அந்தக் காம்பவுண்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பிக்கு எங்க வேலை?"

"பொம்மசந்திரால, ஆன்ட்டி. குவாலிட்டி செக்‌ஷன்."

"அங்க என்ன பாக்குறீங்க?"

"போல்ட்டு, நட்டு. மேல கோடு, விரிசல் இருந்தா ரிஜெக்ட்."

"நல்ல வேலை. அந்தக் குடத்துக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க. பாஸா, ரிஜெக்டா?"

எட்டிப் பார்த்தேன். டீக்கடையில் கிளாஸ் அலசுகிற வாளியில் ஒரு நிறம் இருக்குமே, அது. மூக்கை இன்னும் கொஞ்சம் இறக்கியபோது சாக்கடை லேசாக நலம் விசாரித்தது. நாளெல்லாம் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான், வந்த நாளிலிருந்து இதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"கொஞ்சம் கலங்கலா இருக்கு, ஆன்ட்டி."

"கொஞ்சம்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து, குழாய்த் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, பிடித்து, மூடி, லேபிள் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஏதோ பரீட்சையில் பெயில் ஆனது போல இருந்தது.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்தில் சிலுவையும் மூக்குக்கண்ணாடிக் கயிறும் எப்போதும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். இருபது வருடங்களுக்கு மேல் பிள்ளைகள் உடைக்கிற டெஸ்ட் டியூபுகளுக்கு நடுவே வாழ்ந்ததால், எழுதி ஒட்டாத எந்தப் பொருளையும் அவரால் நம்ப முடியாமல் போயிருந்தது. அவர் வீட்டு இட்லி மாவில் 'செவ்வாய் காலை' என்று ஒட்டியிருக்கும். கேஸ் சிலிண்டரில் மாட்டிய தேதி. கறிவேப்பிலைத் தொட்டியில் எரு போட்ட தேதி. ஒரே மாதிரி இருந்த இரண்டு டப்பாக்களில் ஒன்றில் 'சர்க்கரை', இன்னொன்றில் 'சர்க்கரை அல்ல'. அந்த இரண்டாவதில் என்ன இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் கணவர் ஒரு பேக்கரியில் பன் போடுபவர். நாங்கள் அங்கிள் என்போம். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஒருநாள் நான் கிண்டலாக, "அங்கிள், உங்க மேல மட்டும் லேபிளக் காணோமே?" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஒட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகுது தம்பி. எழுத்துதான் அழிஞ்சுபோச்சு" என்றார்.

காம்பவுண்டில் ஆறு வீடு. வாசலருகே ஒரு குழாய், அதிலிருந்து பூமிக்கடியில் இருக்கிற சம்புத் தொட்டிக்கு ஒரு கிளை. ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை நாலு மணிவாக்கில் காவேரித் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நிற்கும். வருகிற நாளெல்லாம் ஆன்ட்டி இரண்டு பாட்டில் பிடிப்பார். தண்ணீர் வந்த முதல் நிமிஷத்தில் ஒன்று, பத்தாவது நிமிஷத்தில் ஒன்று. முதல் பாட்டில் டீக்கடை வாளி. இரண்டாவது பளிங்கு மாதிரி இருக்கும். இரண்டையும் ஜோடியாகக் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத் திட்டில் அடுக்குவார். சாட்சி என்று அவற்றுக்குப் பெயர். "சாட்சி மேல துணி காயப்போடாதீங்க" என்று அடிக்கடி குரல் வரும்.

எதற்கு இரண்டு என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குழாயடியிலேயே பாடம் எடுத்துவிட்டார்.

"தம்பி, ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி விடுறாங்க. மிச்ச நேரம் பைப்பு காலியாக் கெடக்கு. பக்கத்துல சாக்கடை போவுது. பைப்புல எங்கயோ ஓட்டை. சும்மா இருக்குமா? உள்ள உறிஞ்சி வெச்சுக்குது. நாலு மணிக்குத் தண்ணி வந்தா அதையெல்லாம் தள்ளிக்கிட்டு முதல்ல நம்ம சம்புல கொட்டுது. அப்புறம் நல்ல தண்ணி வந்து என்ன பிரயோஜனம்? கலந்தாச்சே."

"அப்ப பத்தாவது நிமிஷத் தண்ணி நல்லதுதான, ஆன்ட்டி?"

"பாக்க நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து தண்ணீருக்குக் கிடைத்த அதிகபட்ச நற்சான்றிதழ் அதுதான்.

அவர் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பதினோரு வருடம் ஆகிறது என்று அங்கிள் சொல்வார். கேன் வாங்குவார், அதையும் நம்பாமல் கொதிக்க வைப்பார், கொதித்ததை வடிகட்டுவார். கல்யாணம், சாவு எங்கே போனாலும் தோளில் அவருடைய தண்ணீர் பாட்டில். ஒருமுறை சர்ச் ஹாலில் ஒரு ஞானஸ்நான விருந்து. ஆளுக்கொரு கிளாஸ் திராட்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார்கள். ஆன்ட்டி ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாக, பரிமாறுகிறவரிடம் கேட்டார்: "ஐஸ் எந்தத் தண்ணிங்க?" அந்த மனிதர் விழித்தார். எங்கள் மேஜையில் பன்னிரண்டு கிளாஸ்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. அடுத்த மேஜைக்கும் செய்தி பரவியது. குழந்தையின் அப்பா இன்றுவரை ஆன்ட்டியைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார்.

சண்டை போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் கஷ்டம். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். மாதம் ஒருமுறை துணிப்பையில் நாலைந்து ஜோடி பாட்டில்களைப் போட்டுக்கொண்டு தண்ணி ஆபீசுக்குப் போவார். அங்கே மேஜை மேல் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். அவர் பள்ளிக்கூடத்துக் குப்பி ஒன்று உண்டு. கெட்ட தண்ணீரை ஊற்றி ஒருநாள் வைத்தால் கறுத்துப்போகும். அதையும் வைப்பார். "இதுல நீங்க என்ன போட்டீங்களோ, யாருக்குத் தெரியும் மேடம்? ஆபீஸ் சாம்பிள்தான் செல்லும்" என்பார்கள்.

ஆபீஸ் சாம்பிள் எடுக்க ஒருவர் வந்தார். மாலை ஐந்தரைக்கு வந்தார். குழாயைத் துடைத்தார், அதன் வாயை நெருப்பில் காட்டினார், இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டார், பிறகு பிடித்தார். ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"எதுக்கு சார் ஓட விடுறீங்க?"

"ரூல்ஸ் மேடம். ஓட விட்டுத்தான் எடுக்கணும்."

"நாங்க ஓட விடாமத்தான குடிக்கிறோம்?"

"அதுக்கு ரூல்ஸ் இல்ல மேடம்."

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சுத்தம். ஆன்ட்டி அதைத் திட்டின் மேல், டீக்கடை நிறத்தில் இருந்த ஒரு பாட்டிலுக்குப் பின்னால், சுவரில் ஒட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கடைசி வீட்டு டிரைவருக்கு மஞ்சள் காமாலை வந்து அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும்வரை சிரித்தோம்.

எனக்குச் சிரிப்பு நின்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு என் மனைவி ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. மாதம் ஐந்து ஆகப்போகிறது. நான் மகளைத் தூக்கியது மொத்தம் எட்டே தடவை. பாக்கி எல்லாம் வீடியோ காலில்தான். ஐந்தாம் மாதம் இருவரையும் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. அதற்குள் காமாலைச் செய்தி எப்படியோ ஆம்பூருக்குப் போய்விட்டது. என் மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ள, நான் ஒருவாட்டி வந்து வூட்டப் பாத்துட்டுப் போறேன். பச்சக் கொயந்த பாருங்க."

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருடம் பை மாட்டிய தோள் இன்னும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். டிக்கெட் இல்லாத ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். அப்படிப்பட்டவரை ஏமாற்ற நான் ஒரு திட்டம் போட்டேன். அந்த வார வெள்ளிக்கிழமை தண்ணீர் கிடையாது. அன்று மாலை வரவழைக்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். இடையில் குடிக்க, குளிக்க, வாய் கொப்பளிக்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர். குவாலிட்டி செக்‌ஷனில் ஆடிட்டருக்குக் காட்டுவதற்கென்றே நல்ல பெட்டியாக ஒன்றைத் தனியே எடுத்து வைப்போம். அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

எல்லாம் சரியாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை மாலை அவர் காம்பவுண்டைச் சுற்றிப் பார்த்தார். திட்டு எதிரே நின்றார். ஆபீசுக்குப் போனதும் உடைந்ததும் போக அறுபது எழுபது பாட்டில்கள், லேபிளோடு.

"இதெல்லாம் இன்னா மாப்பிள்ள?"

நாக்கில் முதலில் வந்ததைச் சொன்னேன். "நாய்க்கு, மாமா."

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் நீலத் தண்ணீர் நிரப்பிய பாட்டில் தொங்கும், அல்லது படியில் நிற்கும். நீலத்தைக் கண்டால் நாய் அங்கே காலைத் தூக்காதாம். தூக்குகிறதா இல்லையா என்று எந்த நாயும் சொன்னதில்லை. ஆனால் ஊரே வைத்திருந்தது. மாமனாரும் வரும் வழியில் பார்த்திருந்தார்.

"ஓ, அதான் தெரு பூரா வெச்சிகினு கீறாங்களா? பலே" என்று தலையாட்டினார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியத்துக்குப் பிரியாணி வாங்கக் கிளம்பினேன். கடையில் கூட்டம், திரும்ப இரண்டரை ஆகிவிட்டது. காம்பவுண்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. உள்ளே, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர். தண்ணி ஆபீஸ் இன்ஜினியர். எட்டு மாதமாக ஆன்ட்டி நடையாய் நடந்ததில், வேறு வேலையாக இந்தப் பக்கம் வரும்போது பாட்டில்களைப் பார்த்துவிட்டுப் போவதாக அன்று காலைதான் ஒப்புக்கொண்டாராம். காலையிலிருந்து சர்ச் வேலையாக வெளியே இருந்த ஆன்ட்டி, வழியில் அவரைச் சந்தித்து நேராக அழைத்து வந்திருந்தார். இருவரும் திட்டின் எதிரே அசையாமல் நின்றார்கள். பக்கத்தில் என் மாமனார், ஈரவேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, மலர்ந்த முகத்தோடு.

பாட்டில்கள் அத்தனையும் நீலம். முதல் நிமிஷம் நீலம், பத்தாவது நிமிஷம் நீலம். கிறிஸ்துமஸ் அலங்காரம் மாதிரி வெயிலில் ஜொலித்தன.

"நான்தாம்மா" என்று மாமனார் ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வேட்டிக்கு சொட்டு நீலம் போட்டேன். மிச்சம் இருந்துச்சு. பாத்தா உங்க பாட்டில் ஒண்ணுலயும் நீலம் இல்ல. மறந்துட்டாங்க போலன்னு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு சொட்டு வுட்டேன். மூடியும் இறுக்கி மூடியாச்சு. இனிமே ஒரு நாய் கிட்ட வராது."

இன்ஜினியர் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஏன் மேடம், நாய் பாட்லி தோர்ஸக்கே நன்ன கர்ஸித்ரா?" நாய் பாட்டிலைக் காட்டவா என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

ஆன்ட்டி ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கி லேபிளைப் படித்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "இது பெரிய மழை பேஞ்ச அன்னிக்குப் புடிச்சது" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவரிடம் நான் அதுவரை கேட்காத குரல். எட்டு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு மணிக்குக் குழாயடியில் நின்றவர். இன்ஜினியர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். மாமனார் மூன்று மணி பஸ்ஸில் போயிருப்பார், மனைவியும் குழந்தையும் அடுத்த வாரம் வந்திருப்பார்கள். வந்து அந்தத் தண்ணீரில் என் மகளைக் குளிப்பாட்டியிருப்போம். அது எனக்கு உறைத்தபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நாய்க்கு இல்ல, மாமா. நான் பொய் சொன்னேன். இது நம்ம குழாய்த் தண்ணி. சாக்கடை கலந்து வருது. ஆன்ட்டி தேதி போட்டு எடுத்து வெச்சிருந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அவள அனுப்ப மாட்டீங்கன்னு..."

பிரியாணிப் பொட்டலம் கையில் சுட்டது. மாமனார் என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருட கண்டக்டர் பார்வை.

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க மாப்பிள்ள' என்றவர், அன்றுதான் 'உன்' என்று இறங்கினார். இன்றுவரை முழுசாக மேலே ஏறவில்லை.

பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் காம்பவுண்டு கேட்டை ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தார். ஸ்கூட்டர் வெளியே, இன்ஜினியர் உள்ளே.

"சார், தண்ணி எத்தினி மணிக்கு வரும்?"

"நாலு. யாக்கே, எதுக்கு?"

"இப்ப மணி ரெண்டே முக்கால். உக்காருங்க. வந்தவுடனே பாத்துட்டுப் போலாம்."

"எனக்கு வேற எடத்துல வேலை இருக்கு சார்."

"எல்லாருக்கும் வேற எடத்துல வேலைதான் சார். கடைசி ஸ்டாப் வராம நான் யாரையும் எறக்கி வுட்டதில்ல."

இன்ஜினியர் முதலில் கோபப்பட்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார். பிறகு பிரியாணி வாசனை வந்தது. நல்ல மனிதர்தான், நாங்கள் ஒரு தட்டு நீட்டியதும் உட்கார்ந்துவிட்டார். காரம் ஏறியதும் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். ஆன்ட்டி அந்த பாட்டிலையே பார்த்தார்.

"அது எந்தத் தண்ணி சார்?"

"மனேது. வீட்டுத் தண்ணி."

"வீட்ல குழாய்ல புடிச்சதா?"

இன்ஜினியர் மென்று முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "கேன்" என்றார்.

"ஓ" என்றார் ஆன்ட்டி. மேலே ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினியர் அதற்குப் பிறகு கிளம்புவதைப் பற்றிப் பேசவும் இல்லை. மூன்று மணி பஸ் போயிற்று. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

நாலு ஆயிற்று, வரவில்லை. நாலேகாலுக்குக் குழாய் சீறியது. காற்று, இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு தண்ணீர். இன்ஜினியர் பழக்க தோஷத்தில், "எரடு நிமிஷ ஆகலி மேடம், ஓட விடுங்க" என்றார். அதற்குள் ஆன்ட்டி ஒரு கண்ணாடி கிளாஸைக் கீழே பிடித்துவிட்டார். நிறைந்ததும் அதை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக.

இன்ஜினியர் வாங்கவில்லை. மூக்கு ஒருமுறை சுருங்கியது. மாமனார் வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவ்ளோ வருஷத்துல முதல் நிமிஷத்துக்கு வந்த முதல் ஆபீசர் நீங்கதான் சார்" என்றார் ஆன்ட்டி. குத்தலே இல்லை; தகவல்.

இன்ஜினியர் தன் கைபேசியில் படம் எடுத்தார். அங்கேயே நின்று யாரிடமோ கன்னடத்தில் பத்து நிமிஷம் கத்தினார். இரண்டு வாரத்தில் தோண்டினார்கள். சாக்கடைக்குப் பக்கத்தில் பைப்பு என்று ஆன்ட்டி சொன்னது தப்பு. சாக்கடைக்கு உள்ளேயே கிடந்தது. ஒரு ஜாயின்ட்டில் யாரோ எந்தக் காலத்திலோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, சாக்கடைக்கு எதிர்ப்பக்கமாகப் புதுக் குழாய் பதித்தார்கள். சம்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவினோம்.

மாமனார் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே ஊருக்குப் போயிருந்தார். பஸ் ஏறும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்: "உன் பேச்ச நம்பி அனுப்ப மாட்டேன். அந்தம்மா சொல்லட்டும். தண்ணி நல்லாக் கீதுன்னு அவங்க வாயால சொன்னா அன்னிக்கே கொண்டாந்து வுடறேன்."

சரியான இடம் பார்த்துக் கட்டிப்போட்டுவிட்டார். அந்தம்மா பிறந்ததிலிருந்து எந்தத் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்று சொன்னவர் இல்லை.

புதுப் பைப்பில் முதல் நிமிஷமே பளிங்கு மாதிரி வந்தது. "எப்படி ஆன்ட்டி?" என்றேன். "பாக்கலாம் தம்பி" என்றார். ஒரு வாரம் போயிற்று. அவருடைய குப்பி கறுக்கவில்லை. "இப்ப?" "பாக்கலாம்." ஆபீஸ்காரர்கள் மறுபடி வந்து, இந்தமுறை ஆன்ட்டிக்குப் பயந்து ஓடவிடாமல் ஒன்று, ஓடவிட்டு ஒன்று என்று இரண்டு சாம்பிள் எடுத்துப் போனார்கள். இரண்டும் சுத்தம். "பாக்கலாம்." மூன்று வாரம், நாலு வாரம். வீடியோவில் என் மகள் குப்புற விழப் பழகிவிட்டாள். அங்கே எல்லோரும் கைதட்டுகிறார்கள், நான் இங்கே ஒரு காலி வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கைதட்டுகிறேன்.

ஆறாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. குழாயடியில், எல்லோரும் இருக்கும்போது, கேட்டுவிட்டேன். "உங்களுக்கு எப்பதான் திருப்தியாகும் ஆன்ட்டி? பாட்டில் அடுக்குறதுக்கு வேலை இல்லாமப் போயிடும்னு பாக்குறீங்களா? இல்ல, என் குழந்தை இங்க வர்றதே உங்களுக்குப் பிடிக்கலையா?"

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. "இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாலு நாளா, என்ன கணக்கு அது என்று நான் முணுமுணுத்தேன். அங்கிள் தன் குடத்தை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பேசாத மனிதர் பேசினார்.

"காமாலை வர்றதா இருந்தா வெளியே தெரிய ஒன்றரை மாசம் வரைக்கும் ஆவுமாம், தம்பி. ஏதோ புஸ்தகத்துல பாத்து வெச்சிருக்கா."

"யாருக்குக் காமாலை, அங்கிள்?"

"பைப்பு மாத்தின மறுநாள்லேர்ந்து அவ இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா. முதல் நிமிஷத்துல புடிச்சது. கொதிக்க வைக்கிறதில்ல, வடிகட்டறதில்ல. வேணாம்னு நான் எவ்ளோ சொன்னேன். குழந்தை குளிக்கும்போது வாய்க்குள்ள போற தண்ணி, யாராவது ஒருத்தர் முன்னாடி குடிச்சுப் பாக்க வேணாமான்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை. பதினோரு வருடம் தொடாத தண்ணீரை, நான் திட்டத் திட்ட, நாற்பது நாளாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நாலு நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல், தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அவர் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். போல்ட்டைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் காலை அவரே வந்து கதவைத் தட்டினார். "உங்க மாமாவுக்குப் போன் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளியில் ரிசல்ட் வாசிக்கிறவர் போல நிமிர்ந்து நின்று பேசினார்.

"அண்ணே, நான்தான் பேசறேன். தண்ணி நல்லா இருக்கு. பொண்ணையும் பேத்தியையும் கூட்டிட்டு வாங்க."

போனை என் கையில் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி வீடு இது? மொதல்ல பெருக்கித் தொடைங்க. குழந்தை வருது."